பழைய மஸில் காரை டிராக் ரேஸுக்கு ரெடி பண்றீங்களா? பார்ட்ஸ் வாங்கறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிச்சிகன்ல பனி உருகி ஸ்ட்ரிப் (நேர்கோட்டுல கால் மைல் ஓட்டற டிராக் ரேஸ் பாதை) தொறந்தா போதும், வருஷா வருஷம் இதே கூத்துதான். புதுசா ஒரு 69 கமாரோ, 70 நோவா மாதிரி மஸில் கார் (பெரிய இன்ஜின் போட்ட பழைய அமெரிக்கக் கார்) வாங்கின நம்ம பசங்க குளிர்காலம் பூரா கராஜ்ல உக்காந்து கேட்டலாக் பொரட்டி பார்ட்ஸ் ஆர்டர் பண்ணி மாட்டி, வசந்தத்துல கொண்டாந்து ஒரு ரன் ஓட்டிட்டு "அண்ணா, முன்னாடி இருந்தத விட இப்போ மெதுவா ஓடுதுண்ணா"ன்னு வந்து நிக்கறாங்க. ஆரம்பத்துல நான் பண்ணின அதே தப்புங்கதான், கார் மாடல் மட்டும் வேற. ஆயில் செக் பண்ணுங்க, லக் நட் டைட் பண்ணுங்கன்னு பாடம் எடுக்கப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும். காசைத் தின்னுட்டு வேகம் குடுக்காத தப்பை மட்டும் சொல்றேன்.

ப்ரோஷர்ல போட்ட ஹார்ஸ்பவரை நம்பி இன்ஜின் வாங்கறது

செவியோட (செவர்லே) எல்டி-1, 350 கியூபிக் இன்ச் இன்ஜினை எடுத்துக்கோங்க. 1970 கார்வெட்ல 370 ஹார்ஸ்பவர்னு போட்டாங்க, 1972ல 255. ரெண்டு வருஷத்துல 115 குதிரை எங்கயும் ஓடிப்போகல. கம்ப்ரெஷனை (சிலிண்டர்ல கலவையை எத்தனை மடங்கு அமுக்குதுங்கறது) 11லேர்ந்து 9க்கு எறக்கினதுல கொஞ்சம் போச்சு, அது நிஜம். ஆனா பெரிய வித்தியாசம் அளக்கற முறையில. முன்னாடி இன்ஜினை மட்டும் ஸ்டாண்டுல வெச்சு, ஏர் க்ளீனர் கெடையாது, மஃப்ளர் கெடையாது, அப்படி அளந்தது கிராஸ். 72லேர்ந்து கார்ல மாட்டின மாதிரியே எல்லாத்தையும் போட்டு அளந்தது நெட். இது தெரியாம "72 இன்ஜின் வேஸ்ட்"னு தூக்கிப் போடறவனும் இருக்கான், 70ன்னு சொன்னதும் டபுள் காசு குடுக்கறவனும் இருக்கான்.

உங்க கார்ல நெஜமா என்ன பவர் இருக்குன்னு தெரியணும்னா ஸ்ட்ரிப்லயே தெரிஞ்சுக்கலாம், டைனோ (பவர் அளக்கற மெஷின்) வேணாம். கால் மைல் கடைசில வர்ற ஸ்பீடை 234ஆல வகுத்து, வந்த நம்பரை மூணு தடவ எழுதி ஒண்ணோட ஒண்ணு பெருக்கி (கனம்), காரோட மொத்த வெயிட்டால பெருக்குங்க. ஆளோட சேத்து 3600 பவுண்டு கார் மணிக்கு 110 மைல்ல முடிச்சா சுமார் 374 ஹார்ஸ்பவர். துல்லியம்னு சொல்லமாட்டேன், ஆனா ப்ரோஷர் மாதிரி பொய் சொல்லாது.

கேம் பெருசு, கன்வெர்ட்டர் ஸ்டாக்

இதான் என்னை இன்னிக்கும் கடுப்பேத்தற விஷயம், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். கேம்ங்கறது வால்வை எப்போ, எவ்ளோ நேரம் தொறக்கணும்னு தீர்மானிக்கற தண்டு. கன்வெர்ட்டர்ங்கறது இன்ஜினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் நடுவுல எண்ணெய் வழியா பவரைக் கடத்தற சட்டி. ஸ்டாக்னா கம்பெனில மாட்டினது.

ஒரு தம்பி, 70 நோவா, 350 இன்ஜின், டர்போ 350 கியர்பாக்ஸ், பின்னாடி 3.08 கியர் (பின் ஆக்ஸில் விகிதம்). இன்ஜின் எழுபதுகள்ல வந்த லோ கம்ப்ரெஷன் பிளாக், எட்டரைக்கு ஒண்ணுதான். அதுல போய் 0.050 இன்ச் லிஃப்ட்ல 242 டிகிரி ட்யூரேஷன் (வால்வு தொறந்திருக்கற அளவு), 108 டிகிரி லோப் செபரேஷன் (இன்டேக், எக்ஸாஸ்ட் லோப்புக்கு நடுவுல இருக்கற கோணம்) கேம் ஒண்ணை மாட்டிட்டான். ஏன்டா இதுன்னு கேட்டா "ஐடில் சவுண்டு சூப்பரா இருக்கும்ணா". இருந்துச்சு, இல்லன்னு சொல்லல, பார்க்கிங்ல நாலு பேர் திரும்பிப் பாத்தாங்க. ஸ்டார்ட் லைன்ல நிறுத்தி பச்சை லைட் விழுந்ததும் மிதிச்சான் பாருங்க, கார் ஒரு மூச்சு முட்டி, அப்படியே யோசிச்சு, அப்புறம் ஆடி அசைஞ்சு கெளம்பிச்சு. பக்கத்து லேன்ல போனது பொண்டாட்டியோட மினிவேன்னு ஒருத்தன் மைக்ல வேற கிண்டல் பண்ணினான்.

நேரம் அச்சடிச்ச ஸ்லிப்பை வாங்கிப் பாத்தேன். முதல் 60 அடிக்கு 2.3 செகண்ட், கால் மைலுக்கு 14.8 செகண்ட், கடைசி ஸ்பீடு மணிக்கு 99 மைல். இந்த மூணு நம்பரையும் சேத்துப் படிக்கணும். 99 மைல் போற கார் ஒழுங்கா கெளம்பினா பதினாலுக்குள்ள வந்திருக்கணும். அப்போ பவர் இருக்கு, மேல ஆர்பிஎம்ல இன்ஜின் வேலை செய்யுது, கெளம்பற எடத்துலதான் எல்லாம் போச்சு.

ஏன் போச்சு? ட்யூரேஷன் ஜாஸ்தியான கேம்ல இன்டேக் வால்வு லேட்டா மூடும். ஆர்பிஎம் ஏறினப்புறம் உள்ள வர்ற காத்துக்கு வேகம் இருக்கறதால அது நல்லது, வால்வு தொறந்திருக்கற நேரத்துல இன்னும் நெறைய உள்ள திணிஞ்சுக்கும். ஆனா 1800 ஆர்பிஎம்ல அந்த வேகம் கெடையாது, பிஸ்டன் மேல வர்றப்போ உள்ள வந்த கலவைல கொஞ்சத்தை திரும்ப மேனிஃபோல்டுக்கே தள்ளிவிட்டுடும். சிலிண்டர்ல ப்ரெஷர் நிக்காது. ஏற்கனவே எட்டரை கம்ப்ரெஷன், இதுல இதுவும் சேந்தா என்ன மிச்சம் இருக்கும்? அந்த கேம் உசுரு வர்றதே மூவாயிரத்துக்கு மேல. ஸ்டாக் கன்வெர்ட்டர், அந்த 12 இன்ச் பெரிய சட்டி, அந்த மாதிரி இன்ஜினை 1700, 1800லயே புடிச்சு நிறுத்திடும். மிதிச்ச நேரத்துலேர்ந்து மூவாயிரம் வர்ற வரைக்கும் நடுவுல இருக்கற பள்ளத்தை கார் 3.08 கியரை வெச்சுக்கிட்டு தவழ்ந்துதான் தாண்டணும். இன்னொண்ணு, ஐடில்ல வேக்குவம் போயிடுச்சு, பவர் பிரேக் கட்டை மாதிரி ஆயிடுச்சு, கடைசில ரிட்டர்ன் ரோட்டுக்குத் திரும்பறப்போ ரெண்டு காலாலயும் பெடலை அழுத்தினான்.

கேம், லிஃப்டர், ஸ்பிரிங், கேஸ்கட்னு அவ்ளோ செலவு பண்ணிட்டு கன்வெர்ட்டர்னு சொன்னதும் "அது வேற கியர்பாக்ஸை எறக்கணுமே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"ங்கறாங்க. ஆனை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுத கதைதான்.

சரி, மாத்தணும்னு முடிவு பண்ணினப்புறம் அடுத்த தப்பு வருது பாருங்க, இது இன்னும் மோசம். ஸ்வாப் மீட்டுல "3500 ஸ்டால்"னு மார்க்கர்ல எழுதி வெச்சிருந்த கன்வெர்ட்டரை பாதி வெலைக்கு வாங்கிட்டு வந்துட்டான். ஸ்டால்ங்கறது கன்வெர்ட்டர் இன்ஜினை எந்த ஆர்பிஎம் வரைக்கும் ஏற விட்டுட்டு புடிச்சு நிறுத்துதோ அது, அதுல பொறிச்சு வெச்ச நம்பர் கெடையாதுங்க. முன்னாடி இருக்கற இன்ஜின் எவ்ளோ டார்க் குடுக்குதோ அதைப் பொறுத்து மாறும். 500 பவுண்டு-அடி டார்க் குடுக்கற 454 பிக் பிளாக்குக்குப் பின்னாடி 3500 காட்டற அதே கன்வெர்ட்டர், 300 குடுக்கற 350 மாதிரி ஸ்மால் பிளாக்குக்குப் பின்னாடி 2700 பக்கத்துலயே நின்னுடும். அவன் வாங்கினது பிக் பிளாக் செவெல்லேர்ந்து கழட்டினது. ஆக கியர்பாக்ஸை எறக்கி ஏத்தி, திரும்ப எறக்கி ஏத்தி. லிஃப்ட் இல்லாத கராஜ்ல, முதுகுல படுத்துக்கிட்டு.

இதுக்கு வழி ரொம்ப சிம்பிள், யாரும் பண்றதில்ல. கன்வெர்ட்டர் கட்டிக் குடுக்கற ஆளுங்களுக்கு ஃபோன் போடுங்க. கேம் டப்பால வந்த கேம் கார்டு, கம்ப்ரெஷன், காரோட வெயிட், பின் கியர், டயர் உயரம், நைட்ரஸ் (கூடுதல் பவருக்கு இன்ஜினுக்குள்ள விடற வாயு) உண்டா இல்லையா, இதையெல்லாம் கையில வெச்சுக்கிட்டு பேசுங்க. பொய் சொல்லாதீங்க. "450 ஹார்ஸ்பவர் இருக்கும்"னு சும்மா பீத்திக்கிட்டா அவன் 450க்குத் தகுந்த மாதிரி டைட்டா கட்டிக் குடுப்பான், உங்க 320 குதிரை அதைத் தள்ள முடியாம திணறும்.

லூஸாவும் போகக்கூடாது, அதையும் செக் பண்ணலாம். ஸ்பீடு × பின் கியர் × 336, இதை டயர் உயரத்தால வகுத்தா கடைசி கியர்ல இருக்க வேண்டிய ஆர்பிஎம் வரும். 28 இன்ச் டயர்னா 336ஐ 28ஆல வகுத்து நேரா 12, மனக்கணக்கே போதும். 102 மைல், 3.73 கியர்: 4565. டேக்கோ மீட்டர்ல 4800 காட்டினா நல்ல கன்வெர்ட்டர், அஞ்சு சதவீதம் வழுக்கறது சகஜம். 5300 காட்டினா பதினாலு சதவீதம் வழுக்குது, அவ்ளோ பவரும் எண்ணெயை சூடாக்கத்தான் போகுது. அதனால கூலர் தனியா மாட்டுங்க, ரேடியேட்டருக்குள்ள இருக்கற சின்ன குழாயை நம்பாதீங்க.

அந்த நோவா கடைசில அளவு குடுத்துக் கட்டின 10 இன்ச் கன்வெர்ட்டர், 3.73 கியர், ஒட்டற மாதிரி ஒரு ஜோடி டயர், இதோட வந்துச்சு. இன்ஜின்ல ஒரு போல்ட்டு கூட மாத்தல. 60 அடி 1.85, கால் மைல் 13.6. கேம் இன்னமும் அந்த கம்ப்ரெஷனுக்கு பெருசுதான், அதை நான் சொல்லிட்டே இருக்கேன், அவன் சவுண்டை விடமாட்டேங்கறான்.

பவர்கிளைடை காப்பி அடிக்கறது

வேகமா ஓடற காருல எல்லாம் ரெண்டு கியர் பவர்கிளைடு இருக்குன்னு பாத்துட்டு டர்போ 350ஐ கழட்டறாங்க. பவர்கிளைடோட ஃபர்ஸ்ட் கியர் 1.76, டர்போ 350ல 2.52. 3.73ஆல பெருக்கிப் பாருங்க, ஒண்ணு ஆறரை, இன்னொண்ணு ஒன்பதரை. லேசான கார்ல பவர் கொட்டிக் கெடக்கறவனுக்கு டயர் சுத்தாம கெளம்ப அந்தக் கம்மி கியர் உதவும். 3600 பவுண்டு காரை 350 குதிரையோட தள்ளறவனுக்கு அது தண்டனை.

டர்போ 400 வேணுமான்னு கேக்கறாங்க. பிக் பிளாக்கா, வாங்குங்க. ஸ்மால் பிளாக்குக்கு அது தின்ற பவர் வீண்.

எல்லாமே பெருசா வாங்கறது

கார்ப்புக்கு (கார்புரேட்டர்) ஒரு கணக்கு இருக்கு: கியூபிக் இன்ச் × ஆர்பிஎம், வகுத்தல் 3456. 350 இன்ஜின் 6500ல நூறு சதவீதம் நெறஞ்சாலே நிமிஷத்துக்கு 658 கன அடி காத்து (சிஎஃப்எம்) தான், நம்ம வீட்டு இன்ஜின் எதுவும் நூறு நெறையாது. ரேஸுக்குன்னா 750 வரைக்கும் ஒத்துக்கறேன். 850 வாங்கினா வென்சுரில (கார்ப்போட குறுகலான கழுத்து) காத்து மெதுவாப் போகும், பெட்ரோலை இழுக்கற சிக்னல் பலவீனமாயிடும், கீழ தூங்கும்.

ஹெட்டும் அப்படித்தான். ஃப்ளோ நம்பரை மட்டும் பாத்து 220 சிசி ரன்னர் (காத்து உள்ள போற பாதை) வாங்காதீங்க. ஸ்ட்ரீட்லயும் ஓட்டி ஸ்ட்ரிப்லயும் ஓட்டற 350க்கு 180லேர்ந்து 195 போதும்.

பின் ஆக்ஸிலை கடைசில யோசிக்கறது

செவியோட 10 போல்ட்டுல (பின் ஆக்ஸில் டைப்) ஆக்ஸிலை உள்ள புடிச்சு வெச்சிருக்கறது ஒரு சின்ன சி கிளிப். ஸ்லிக்ஸ் (வழவழன்னு இருக்கற ரேஸ் டயர்) போட்டு கெளம்பறப்போ ஆக்ஸில் ஒடிஞ்சா வெளிப்பக்கம் துண்டைப் புடிக்க ஒண்ணுமே இல்ல, சக்கரம் ஆக்ஸிலோட சேந்து ஃபெண்டரை கிழிச்சிட்டு வெளிய நடந்து போகும். நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், மறக்காது. 12 போல்ட்டுக்கு போங்க, ரிங் கியர் 8.875 இன்ச், ஆனா அதுவும் சி கிளிப்தான், சி கிளிப்பை ஒழிக்கற எலிமினேட்டர் கிட் போடணும். ஃபோர்டு 9 இன்ச்ல அந்தத் தொல்லையே கெடையாது, செவிக்காரங்க மூக்கைச் சுளிச்சாலும் கடைசில பாதிப் பேர் அதைத்தான் மாட்டறாங்க. மோப்பார் (கிரைஸ்லர் கார்) ஆளுங்க எட்டேமுக்கால் இன்ச் ஆக்ஸிலோ டானா 60ஓ வெச்சிருப்பாங்க, உங்களுக்கு நான் சொல்ல ஒண்ணுமில்ல.

டிரைவ்ஷாஃப்ட்டை இணைக்கற யூ ஜாயின்ட்டும் 1350 சைஸா பாத்து மாத்துங்க.

ரூல் புக் படிக்காம பார்ட்ஸ் லிஸ்ட் போடறது

என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் ரேஸ் சங்கம்) ரூல் இந்தப் பழைய கார்களுக்கு ஈடியை (கால் மைலுக்கு ஆகற செகண்ட்) வெச்சுத்தான் ஓடுது. ஸ்லிக்ஸ் போட்டு 13.99 இல்ல அதுக்கும் வேகம்னா டிரைவ்ஷாஃப்ட் லூப் (ஒடிஞ்சா தண்டைத் தாங்கற வளையம்). 11.49னா ரோல் பார் (கவிழ்ந்தா ஆளைக் காப்பாத்தற கம்பி), கன்வெர்டிபிள்னா 13.49லயே வேணும். 10.99னா ஆஃப்டர்மார்க்கெட் ஆக்ஸிலும் அதைப் புடிக்கற ரிட்டென்ஷனும். இன்ஜினுக்கு எல்லாக் காசையும் கொட்டி முதல் ரன்லயே 11.4 அடிச்சு, "ரோல் பார் இல்லையா, வீட்டுக்குப் போ"ன்னு அனுப்பி வெச்ச ஆளை எனக்குத் தெரியும். சீசன் பூரா வேடிக்கை பாத்தார். எந்த நம்பர் அடிக்கணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க, அந்த நம்பருக்கு ரூல் கேக்கற செலவை எழுதுங்க, மிச்சம் இருக்கறதுதான் இன்ஜின் பட்ஜெட்.

ஃப்ளாட் டாப்பெட் கேமுக்கு ரேஸ் ஸ்பிரிங்

வேணாம். ஃப்ளாட் டாப்பெட்ல லிஃப்டர் கேம் லோப் மேல உரசிக்கிட்டே ஓடும், அழுத்தமான ஸ்பிரிங் போட்டா லோப் தேஞ்சு இரும்புத் தூள் பேரிங் பூரா போகும். உருளை வெச்ச ரோலர் கேம் வாங்குங்க.

காஸ்ட் பிஸ்டன்ல நைட்ரஸ்

வேணவே வேணாம், ஒரு கேள்வி கூட கேக்காதீங்க.

நம்பர்ஸ் மேட்சிங் இன்ஜினை ரேஸுக்கு எடுக்கறது

காரோட பிறந்த இன்ஜின், பிளாக்ல விஐஎன் நம்பர் (காரோட அடையாள நம்பர்) அடிச்சிருக்கு, அதை ஆறாயிரத்து ஐநூறு ஆர்பிஎம்ல சுத்தப் போறீங்களா? கனெக்டிங் ராடு பிளாக்கைப் பொத்துக்கிட்டு வந்தா வெல்டு பண்ணலாம், காரோட வெலைல போனது திரும்பாது. அதை எறக்கி, பிளக் ஓட்டையில ஆயில் விட்டு, கையால ரெண்டு சுத்து சுத்தி, ஸ்டாண்டுல ஏத்தி பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வைங்க. பழைய டிரக்லேர்ந்து நாலு போல்ட் மெயின் (கிராங்க்கைப் புடிக்கற மெயின் கேப்புக்கு நாலு போல்ட்) 350 ஒண்ணு தேடுங்க, இன்னமும் கெடைக்குது. வாங்கறதுக்கு முன்னாடி ஆயில் பேனை கழட்டிக் காட்டச் சொல்லி மெயின் கேப்ல இருக்கற போல்ட்டை எண்ணிப் பாருங்க, எல்லாரும் நாலு போல்ட்டுன்னுதான் சொல்லுவாங்க.