நகல் எடுக்கும் பட்டன்: பழைய பதிவை விடாமல் பிடித்திருக்கும் புதிய பதிவு

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இருவருக்குப் போன வாரம் ஒரே மாதிரி வேலை கொடுத்தேன். ஒருவருக்கு பில்லிங் மென்பொருளில் கொட்டேஷனை நகலெடுக்கும் பட்டன், இன்னொருவருக்குத் தேர்வு மென்பொருளில் வினாத்தாளை நகலெடுக்கும் பட்டன். இரண்டு பேரின் நிரலையும் (கோடு) உட்கார்ந்து படித்தேன். சில வருஷங்களுக்கு முன்னால் நான் எழுதியதை வரிக்கு வரி எழுதியிருந்தார்கள். அந்தக் கோடு என்ன பாடு படுத்தியது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழைய ப்ரைமரி கீயோடு (வரிசையின் தனி அடையாள எண்) புது வரிசையை இன்செர்ட் செய்வது, யூனிக் ஃபீல்டில் (ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாத இடம்) பழைய மதிப்பையே போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை டேட்டாபேஸே எரர் கொடுத்துப் பிடித்துவிடும். நான் சொல்ல வருவது, எரரே வராத தவறுகளை.

ஃபிரேம்வொர்க் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை

பார்த்துக்கொள்ளாது. லாராவெல், ரெயில்ஸ், ஜாங்கோ ஆகியவை இணைய மென்பொருள் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்குகள். லாராவெல்லின் நகலெடுக்கும் கட்டளையான ரெப்ளிகேட், ஐடியையும் தேதி முத்திரைகளையும் கழற்றிவிட்டு அந்த ஒரு வரிசையைத்தான் நகலெடுக்கும். ரெயில்ஸில் டூப் செய்தாலும் அப்படித்தான், தொடர்புடைய பதிவுகள் கூட வராது. ஜாங்கோவில் பிகேவை (ப்ரைமரி கீ) நன், அதாவது வெறுமை, ஆக்கிச் சேமித்தால் புது வரிசை கிடைக்கும், மெனி-டு-மெனி (பலவற்றைப் பலவற்றோடு இணைக்கும்) உறவுகள் பழையதோடு நின்றுவிடும். லாராவெல்லில் இன்னொரு வம்பு உண்டு. உறவுகளை முன்பே லோடு செய்திருந்தால், ரெப்ளிகேட் செய்த ஆப்ஜெக்டுக்குள் அவையும் தெரியும். பிரிண்ட் செய்து பார்த்தவர் எல்லாம் வந்துவிட்டது என்று நினைப்பார். உள்ளே இருப்பவை அதே பழைய பதிவுகள்தான்.

குறுக்கே ஓடும் இணைப்புகளை மறப்பது

இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருவது இந்தத் தவறுதான்.

போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றுக்கு ஆன்லைன் தேர்வு மென்பொருள் செய்துகொண்டிருந்தேன். வினாத்தாளுக்குக் கீழே பத்திகள் ஒரு டேபிளில், வினாக்கள் இன்னொரு டேபிளில். பத்தியைப் படித்து விடை எழுதும் வினாக்களில் மட்டும் எந்தப் பத்தி என்று காட்ட ஒரு பத்தி ஐடி. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் பழைய வினாத்தாளை நகலெடுத்து நாலைந்து வினாக்களை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்டார்கள். நியாயமான தேவை. ஒரே நாளில் செய்து கொடுத்தேன்.

வினாத்தாள் 41-ஐ நகலெடுத்தால் வினாத்தாள் 58 உருவாகும். பத்தி 17 நகலாகி 29 ஆனது. வினா 603 முதல் 607 வரை நகலாகி 871 முதல் 875 வரை ஆயின. புதிய பத்தியிலும் புதிய வினாக்களிலும் வினாத்தாள் ஐடி 58 என்று சரியாகவே விழுந்தது. ஆனால் அந்த ஐந்து வினாக்களின் பத்தி ஐடி? இன்னமும் 17. வரிசையை அப்படியே நகலெடுத்ததால் அந்த எண்ணும் கூடவே வந்துவிட்டது. பத்தி 29-ஐச் சீந்துவார் யாருமில்லை.

திரையில் பார்த்தால் குறையே தெரியாது. 17-இல் இருப்பதும் 29-இல் இருப்பதும் ஒரே வாசகம். டெஸ்டிங்கில் பாஸ். ஃபாரின் கீயும் (இன்னொரு டேபிளின் ஐடியைச் சுட்டும் விதி) வாய் திறக்காது. அது கேட்பது ‘17 என்று ஒரு பத்தி இருக்கிறதா’ என்று மட்டுமே. இருக்கிறதே!

கொஞ்ச நாளில் ஓர் ஆசிரியை போன் செய்தார். “சார், புது பேப்பர்ல பத்தியில ஒரு எழுத்துப்பிழை. திருத்தி சேவ் பண்ணிட்டேன். ஆனா எக்ஸாம் பக்கத்துல மாறவே மாட்டேங்குது.”

“கேஷா இருக்கும் மேடம், கன்ட்ரோல் எஃப்5 அடிச்சுப் பாருங்க” என்றேன். பிரவுசர் சேமித்து வைத்த பழைய பக்கம்தான் கேஷ்.

அவர் திருத்தியது 29-ஐ. தேர்வுப் பக்கம் காட்டியது 17-ஐ. குறையின் நுனியைக் கையில் கொண்டுவந்து கொடுத்தார், நான் வாங்கிக்கொள்ளவில்லை. ‘திருத்தினேன், மாறவில்லை’ என்று யார் சொன்னாலும் இப்போதெல்லாம் முதலில் டேபிளைத் திறந்து ஐடிகளைப் பார்க்கிறேன்.

அந்தப் பருவம் முடிந்ததும் மையத்தில் பழைய வினாத்தாள்களை அழித்தார்கள். 41 போனது, அதோடு பத்தி 17-ம் போனது. பத்தி அழிந்தால் வினாவில் உள்ள பத்தி ஐடி நல் (வெறுமை) ஆகட்டும் என்று ஆன் டெலீட் செட் நல் போட்டு வைத்திருந்தவனும் நான்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை தேர்வு தொடங்கியது. ‘மேற்கண்ட பத்தியின்படி ஆசிரியர் கூற வருவது யாது?’ என்று வினா நிற்கிறது. மேலே வெறும் வெள்ளை. மாணவர்கள் பக்கத்தைத் திரும்பத் திரும்ப ரீஃப்ரெஷ் செய்துகொண்டிருக்க, நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

சரிசெய்வது அதைவிடக் கொடுமை. நகலிலிருந்து நகல், அதிலிருந்து இன்னொரு நகல் என்று ஆசிரியர்கள் எடுத்திருந்தார்கள். எல்லாமே ஒரே பழைய பத்தியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. ஐடி நல் ஆகிவிட்டதால் எந்த வினா எந்தப் பத்தியுடையது என்பதற்கும் தடயம் இல்லை. பேக்கப்பை வேறொரு டேட்டாபேஸில் ரீஸ்டோர் செய்து, நானும் அந்த ஆசிரியையும் இரண்டு நாள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொருத்தினோம்.

காரணம் எளிது. தாய்க்கும் (வினாத்தாள்) பிள்ளைக்கும் (பத்தி, வினா) உள்ள இணைப்பை யாரும் மறப்பதில்லை. லூப் எழுதும்போதே புது வினாத்தாளின் ஐடியைப் போட்டுவிடுகிறோம். பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடையே குறுக்கே ஓடும் இணைப்புதான் கண்ணில் படாது. வினாவுக்கும் சரியான விடைக்கும், ஒரு பணிக்கும் அதற்கு முன்னால் முடிய வேண்டிய பணிக்கும், ஒரு மெனுவுக்கும் அதன் மேல் மெனுவுக்கும் இப்படிப்பட்ட இணைப்புகள் உண்டு. எங்கள் புதியவரின் கொட்டேஷன் கோடில் தள்ளுபடி வரி, பொருள் வரியைச் சுட்டியிருந்தது. அதே கதை.

இப்போது நான் இரண்டு சுற்றாகச் செய்கிறேன். முதல் சுற்றில் குறுக்கு இணைப்புகளை நல் ஆக விட்டு எல்லா வரிசைகளையும் நகலெடுத்து, பழைய ஐடிக்குப் புதிய ஐடி எது என்று ஒரு மேப் வைத்துக்கொள்வேன்: 17-க்கு 29, 603-க்கு 871. இரண்டாம் சுற்றில் மூலத்தைப் பார்த்துக் குறுக்கு இணைப்பு ஒவ்வொன்றையும் அந்த மேப் வழியாக நிரப்புவேன். மேப்பில் இல்லாத எண் வந்தால் அங்கேயே எரர் எறிய வேண்டும், பழைய எண்ணை அப்படியே விட்டுவிடக் கூடாது. பெரிய டேட்டாவை இன்செர்ட் செலக்ட் மூலம் மொத்தமாக நகலெடுப்பவர்கள், வரிசைகள் அதே ஒழுங்கில் புது ஐடி பெறும் என்று நம்ப வேண்டாம். ‘எதிலிருந்து நகல்’ என்று ஒரு ஃபீல்டு வைத்துவிட்டால் அதை வைத்தே ஜாயின் செய்து சரிசெய்யலாம்.

காவலை டேட்டாபேஸிடமே கொடுப்பது இன்னும் நல்லது. பத்தி டேபிளில் வினாத்தாள் ஐடியும் பத்தி ஐடியும் சேர்ந்த ஜோடிக்கு யூனிக் போடுங்கள். வினா டேபிளின் ஃபாரின் கீ அந்த ஜோடியைச் சுட்டட்டும். 58-ஆம் தாளின் வினா 41-ஆம் தாளின் பத்தியைத் தொட்டால் இன்செர்ட்டே நடக்காது. இங்கே செட் நல் வேண்டாம், ஜோடியில் உள்ள வினாத்தாள் ஐடியையும் அது நல் ஆக்கப் பார்க்கும். அழிக்கும்போது வினாக்களை முதலிலும் பத்திகளைப் பிறகும் அழித்தால் போதும்.

டெஸ்ட் எழுதும்போது நகலெடுத்த கையோடு மூலத்தை அழித்துவிட்டு நகலைத் திறந்து பாருங்கள். நான் அன்றைக்கு எழுதாமல் விட்ட டெஸ்ட் இதுதான்.

ஜேசனுக்குள் ஒளிந்திருக்கும் ஐடி

‘மூன்றாம் வினாவுக்கு ஆம் என்றால் ஏழாவதற்குப் போ’ போன்ற விதிகளை ஜேசன் (பல மதிப்புகளை ஒரே வாசகமாக எழுதி வைக்கும் வடிவம்) ஃபீல்டில் வைப்பவர்கள் உண்டு. எடிட்டரில் ஒட்டிய படத்தின் ஐடி எச்டிஎம்எல்லுக்குள் கிடக்கும். எந்த ஃபாரின் கீக்கும் இவை தெரியாது. மேப்பை இங்கேயும் ஓட்ட வேண்டும். இதை எழுதச் சோம்பல்பட்டு நகல் வசதியையே தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை, அரைகுறையாகக் கொடுக்காதீர்கள்.

டேக்குகளையும் நகலெடுப்பது

டேக் என்பது வினாவுக்கு ஒட்டும் வகைப் பெயர். அதனோடு உள்ள இணைப்பை மட்டும் நகலெடுங்கள். இல்லாவிட்டால் ‘இலக்கணம்’ என்ற டேக் நாற்பது இருக்கும்.

ஃபைலின் பாதையை மட்டும் நகலெடுப்பது

இரண்டு பதிவும் ஒரே படத்தைச் சுட்டும். நகலை அழிக்கும்போது ஃபைலும் அழிந்தால் மூலத்தில் படம் உடையும். ஃபைலையும் நகலெடுங்கள், அல்லது வேறு எந்தப் பதிவும் அதைச் சுட்டவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அழியுங்கள்.

நிலையையும் சேர்த்து நகலெடுப்பது

வெளியிடப்பட்டது, ஒப்புதல் தரப்பட்டது, பணம் கட்டியாயிற்று, பகிர்வதற்கான டோக்கன் (தனிக் குறியீடு), எத்தனை பேர் எழுதினார்கள் என்ற எண்ணிக்கை. இவை மூலப் பதிவுக்கு நடந்தவை, நகலுக்கு நடக்காதவை. நகல் எப்போதும் டிராஃப்டாகத்தான் பிறக்க வேண்டும். எதை விடுவது என்று பட்டியல் போடாமல், எதை எடுப்பது என்று பட்டியல் போடுங்கள். நாளைக்கு யாரோ புது ஃபீல்டு சேர்க்கும்போது அது தானாக நகலில் நுழையாது.

டிரான்ஸாக்‌ஷன் இல்லாமல் ஓட்டுவது

கூடாது. எல்லாம் முடிந்தால் மட்டும் சேமித்து, நடுவில் தவறினால் மொத்தத்தையும் ரத்துசெய்வதுதான் (ரோல்பேக்) டிரான்ஸாக்‌ஷன். பாதி வினாத்தாள், இல்லாத வினாத்தாளைவிட மோசம்.

சேமித்தவுடன் பறக்கும் மின்னஞ்சல்

புதிய வினாத்தாள் உருவானதும் மாணவர்களுக்குத் தகவல் அனுப்பும் அப்சர்வர் (பதிவு சேமிக்கப்பட்டதும் தானாக ஓடும் கோடு) இருந்தால், நகலுக்கும் அது ஓடும். டிரான்ஸாக்‌ஷன் ரோல்பேக் ஆனாலும் போன மின்னஞ்சல் திரும்பி வராது.

இருமுறை கிளிக்

பட்டனை டிசேபிள் செய்வது மட்டும் போதாது. மெதுவான இணைப்பில் பக்கத்தை மறுபடி அனுப்புவார்கள். ஃபார்மோடு ஒரு தனி டோக்கன் அனுப்பி, அதைப் புதிய வினாத்தாளின் வரிசையிலேயே யூனிக் ஃபீல்டாகச் சேமியுங்கள். இரண்டாவது கோரிக்கை வந்தால், முதலில் உருவான நகலுக்கே அவரைக் கொண்டுபோய் விடுங்கள்.