லைன் அறுந்தால் மின்னஞ்சல் எப்படி வரும்? நெட்வொர்க் எச்சரிக்கையில் தவிர்க்க வேண்டியவை

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய ஒரு பழைய வீட்டின் நெட்வொர்க்கைப் பராமரிக்கிறேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. பருத்த சுவர்களை வைஃபை கடப்பதில்லை. ஒவ்வொரு கட்டுக்கும் (வீட்டின் பகுதிக்கும்) ஒரு வைஃபை கருவி வேண்டியிருக்கிறது. அதனால் கண்காணிப்பு மென்பொருளும் மின்னஞ்சல் எச்சரிக்கையும் அவசியம்.

ஐப்பசி இடி மழையில் ஒரு நாள் இணையம் வரும் ஃபைபர் லைன் போனது. கண்காணிப்புக் கணினி உடனே கண்டுபிடித்து மின்னஞ்சலும் எழுதிவிட்டது. ஆனால் அது வெளியேற வேண்டிய வழியும் அறுந்த அதே லைன்தான். நான்கு மணி நேரம் கழித்து லைன் திரும்பியபோது, பழுதானது, சரியானது என்ற இரண்டு செய்திகளும் ஒன்றாக வந்து விழுந்தன. பலரும் செய்யும் பெரிய தவறு இதுதான். வீட்டை வெளியிலிருந்தும் ஒருவர் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெளியில் உள்ள ஒரு சேவைக்கு 'இருக்கிறேன்' என்று சொல்லட்டும். அந்தக் குரல் நின்றால் அந்தச் சேவை மின்னஞ்சல் அனுப்பட்டும். சிம் கார்டு போட்ட மோடம் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்புவதும் நல்ல மாற்று வழி.

அடுத்தது, மின்னஞ்சல் வெள்ளம். முகப்பில் உள்ள நெட்வொர்க் சுவிட்ச் (கருவிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி) நின்றால் அதன் பின்னால் இருக்கும் பன்னிரண்டு கருவிகளுக்கும் தனித்தனியே எச்சரிக்கை வரும். எதன் பின்னால் எது இருக்கிறது என்பதை நாகியோஸ், ஜாபிக்ஸ் ஆகிய கண்காணிப்பு மென்பொருள்களில் குறித்து வைக்கலாம். அப்போது மூலக் காரணத்துக்கு மட்டும் கடிதம் வரும். ஒரு பிங் (கருவி பதில் தருகிறதா என்று கேட்கும் சோதனை) தவறியதும் அலறவிடாதீர்கள், மூன்று முறை உறுதி செய்யச் சொல்லுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடுகிறது. அந்த நேரத்துக்கு எச்சரிக்கையை நிறுத்தும்போது முடிவு நேரத்தையும் சேர்த்தே கொடுங்கள். கையால் நிறுத்தியதைத் திரும்பப் போட மறந்த இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜிமெயில் வழியாக அனுப்புபவர்கள் வழக்கமான கடவுச்சொல்லைப் போட்டால் வேலை செய்யாது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல்லை (app password, மென்பொருளுக்கென்று கூகுள் தனியே தருவது) பெற வேண்டும். கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் அதுவும் செல்லாமல் போய்விடும். எச்சரிக்கை ஓசையில்லாமல் நின்றுபோவது பெரும்பாலும் இப்படித்தான். மின்னஞ்சல் அனுப்பும் வாசல் எண்ணாக (போர்ட்) 587 போதும். 25 பல இடங்களில் அடைக்கப்பட்டிருக்கும்.

தலைப்பில் 'பிரச்சினை' என்று மட்டும் எழுதாமல் 'இரண்டாங்கட்டு சுவிட்ச், பதில் இல்லை' என்று எழுதுங்கள். சர்வர் கடிகாரம் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் மின்னஞ்சலில் உள்ள நேரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கும்; அதையும் திருத்துங்கள். சிங்கப்பூரில் இருக்கும் உரிமையாளருக்கு மட்டும் அனுப்பிப் பயனில்லை. எழுந்து போய்ப் பார்க்கக்கூடியவருக்கு முதலில் போக வேண்டும்.

'சோதனை மின்னஞ்சல்' பொத்தானை அழுத்திப் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். அது தபால் போகிறதா என்று மட்டுமே காட்டும். விருந்தினர் இல்லாத ஒரு மதியத்தில் வளவுக்குப் போகும் கேபிளை உருவுங்கள். கடிதம் எத்தனை நிமிடத்தில், யார் கைப்பேசிக்கு வருகிறது என்று பாருங்கள். பிறகு ஃபைபர் கேபிளையும் உருவிப் பாருங்கள்.