ரவுட்டருக்குள் தானாக நுழையும் ஸ்கிரிப்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு ரவுட்டரை இரவு 3 மணிக்கு ரீபூட் செய்யவோ, எந்தெந்தக் கருவிகள் இணைந்துள்ளன என்று பார்க்கவோ நான்கு வரி ஸ்கிரிப்ட் போதும். அந்த நான்கு வரிக்குள் வீட்டு இணையத்தின் சாவியையே வைத்துவிடுகிறோம் என்பதுதான் பலருக்கு உறைப்பதில்லை.

பாஸ்வேர்டைக் கட்டளையோடு சேர்த்து எழுதுவது பரவலான தவறு. அது ஷெல்லின் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் இடம்) வரலாற்றுக் கோப்பில் தங்கிவிடும். ஸ்கிரிப்ட்டை பேக்கப் எடுக்கும்போது அதனுடனேயே பயணப்படும். இதற்கு மாற்று, எஸ்எஸ்ஹெச் சாவி: மறையாக்கத்துடன் தொலைவிலிருந்து ஒரு கருவிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் முறையில், பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் கோப்பு ஜோடி. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல இயங்குதளம் உள்ள ரவுட்டரில் பொதுச் சாவியை (ஜோடியில் ரவுட்டரிடம் கொடுக்கும் பாதி) வழக்கமான இடத்தில் வைக்காமல், ஈடிசி அடைவில் உள்ள டிராப்பேர் (அதன் எஸ்எஸ்ஹெச் மென்பொருள்) அடைவில் வைப்பது வழக்கம். இதை அறியாமல் ஒரு மாலைப் பொழுதை நான் வீணடித்திருக்கிறேன். தானாக ஓடும் வேலைக்கான சாவிக்குப் பெரும்பாலும் கடவுத்தொடர் (சாவியையே பூட்டும் பாஸ்வேர்டு) வைப்பதில்லை என்பதால், அந்தச் சாவியால் ஒரே ஒரு கட்டளையை மட்டுமே இயக்க முடியும்படி ரவுட்டரிலேயே கட்டுப்படுத்திவிட வேண்டும்.

இதைவிட ஆபத்தானது, ரவுட்டரின் அடையாளச் சாவியைச் சரிபார்க்கும் வசதியை அணைத்துவிடுவது. ரவுட்டரை ரீசெட் செய்தபின் அந்தச் சாவி மாறிவிடுவதால் வரும் எச்சரிக்கை எரிச்சலூட்டுவது உண்மைதான். ஆனால் 192.168.1.1 என்பது உங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய முகவரி அன்று. நண்பர் வீட்டு வைஃபையில் உங்கள் மடிக்கணினி இணைந்திருக்கும்போது ஸ்கிரிப்ட் ஓடினால், அதே முகவரியில் இருக்கும் அவருடைய ரவுட்டரிடம் உங்கள் பாஸ்வேர்டை ஒப்படைத்துவிடக்கூடும். எனவே ரீசெட் செய்த பிறகு அந்த முகவரிக்கான பழைய சாவியை மட்டும் நீக்கிவிட்டு, புதியதைச் சரிபார்த்து ஏற்பதே முறை.

எஸ்எஸ்ஹெச்சுக்கு முந்தைய நுழைவு முறையான டெல்நெட் வழியே அனுப்பும் பாஸ்வேர்டு மறையாக்கம் இல்லாமல் செல்கிறது. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், டெல்நெட்டில் தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளை முயன்றுதான் ஏராளமான கருவிகளைப் பிடித்தது. வெளியூரிலிருந்து நுழைய வேண்டுமென்பதற்காக எஸ்எஸ்ஹெச்சுக்கான 22ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைப்பதும் வேண்டாம். வயர்கார்ட் என்ற விபிஎன் வழியே வீட்டுக்குள் வந்து, பிறகு ரவுட்டரைத் தொடலாம்.

எக்ஸ்பெக்ட் (திரையில் வரும் கேள்விகளுக்குத் தானாகப் பதில் தட்டும் கருவி) பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எதிர்பார்த்த சொல் 10 நொடிக்குள் வராவிட்டால், வேறு ஏற்பாடு செய்திராத நிலையில், அது சத்தமின்றி அடுத்த வரிக்குப் போய்விடும். ஃபர்ம்வேர் மாறி லாகின் வாசகமும் மாறியிருந்தால், பாஸ்வேர்டு பயனர்பெயர் கேட்கும் இடத்தில் போய் விழக்கூடும். அங்கே அது திரையில் தெரிவதோடு பதிவேட்டிலும் ஏறலாம். காத்திருக்கும் நேரம் முடிந்தால் உடனே வெளியேறு என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் கிரானில் ஓடுவதற்கு, எஸ்எஸ்ஹெச்சை எதுவும் கேட்காமல் இயங்க வைக்கும் பேட்ச்மோடும் இணைப்புக்கான கால வரம்பும் கட்டாயம்; இல்லையேல் யாரும் இல்லாத இடத்தில் ஸ்கிரிப்ட் தொங்கிக்கொண்டிருக்கக்கூடும். ரீபூட் கட்டளை கொடுத்ததும் இணைப்பு அறுந்து, எஸ்எஸ்ஹெச் 255 என்ற எண்ணுடன் திரும்பக்கூடும். அதைத் தோல்வி என்று கொண்டு மறுபடி முயலும்படி எழுதியிருந்தால், ரவுட்டர் எழுந்து நின்றதும் மீண்டும் ரீபூட் ஆகும், எழுந்ததும் மீண்டும்.