போலீஸ் வேலைதான் குறி என்றால் ரிசர்வில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

அமெரிக்காவில் போலீஸ் வேலைக்குப் போக நினைப்பவர்களில் பலர் முதலில் ராணுவ ரிசர்வில், அதாவது ராணுவத்தின் பகுதி நேரப் படையில், சேர்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத் தாளில் வேலைக் குறியீட்டைப் பாருங்கள். ராணுவ போலீஸ் என்றால் அங்கே 31பி என்று இருக்க வேண்டும். ஆள் சேர்ப்பவர் வாயால் "பார்த்துக்கலாம்" என்று சொன்னது கணக்கில் வராது. இடம் காலியில்லை என்றால் காத்திருங்கள், சமையல் பிரிவில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பயிற்சி மிசௌரியில் உள்ள ஃபோர்ட் லெனார்ட் வுட்டில். அதன்பிறகு வழக்கமாக மாதம் ஒரு வார இறுதி, வருடத்துக்கு இரண்டு வாரம். இந்தப் பயிற்சியை முடித்தாலும் ஊர் போலீஸ் அகாடமியைப் பெரும்பாலும் தவிர்க்க முடியாது.

இன்னொன்று, பலர் ஏமாறுவது இங்கேதான். ரிசர்வில் வெறும் பயிற்சிக் காலத்தை மட்டும் காட்டி மத்திய அரசு வேலைகளில் முன்னாள் படைவீரர் முன்னுரிமை பொதுவாகக் கேட்க முடியாது.

நேஷனல் கார்டா (மாநிலங்களின் பகுதி நேரப் படை), ரிசர்வா? வெள்ளம், கலவரம் என்றால் கார்டை ஆளுநர் அழைக்கலாம். அதே நாளில் உங்கள் போலீஸ் நிலையத்துக்கும் ஆள் தேவைப்படும். அதனால் நான் ரிசர்வ் பக்கம்தான். அப்புறம், பணிக்கு அழைக்கப்பட்டால் பழைய வேலையைத் திரும்பப் பெற 1994 சட்டம் ஒன்று இருக்கிறது. படைப் பணிக்காக அந்த வேலையை விட்டுப் போன காலம் பொதுவாக மொத்தம் 5 ஆண்டு வரை இருக்கலாம். ஆனால் போவதை மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது.