வன்னியில் வேட்பாளர் விவாதக் கூட்டம்: சனங்கள் அஞ்சாமல் கேட்கும் சபையை அமைப்பது எப்படி

இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக் கிராமங்களில் வேட்பாளர்களை ஒரே மேடைக்கு அழைக்கும் சங்கங்கள் மேடையைப் பற்றியே அதிகம் கவலைப்படுகின்றன. யார் நடுவில் அமர்வது, யார் முதலில் பேசுவது என்பதிலேயே ஆயத்த நாட்கள் கழிந்துவிடுகின்றன. ஆனால், கீழே அமர்ந்திருப்பவர்கள் அஞ்சாமல் கேள்வி கேட்கவும், வந்த பதிலை எடைபோடவும் முடிந்தால்தான் அந்தக் கூட்டத்தால் ஊருக்குப் பயன் உண்டு.

எந்தத் தேர்தலுக்கான கூட்டம் என்பதை முதலில் தெளிவாக அறிவியுங்கள். வன்னித் தேர்தல் மாவட்டம் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிர்வாக மாவட்டங்களைக் கொண்டது. கிளிநொச்சி வாக்காளர்கள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஆகவே மாங்குளம் போன்ற எல்லையோரச் சந்திகளில் கூட்டம் வைத்தால், வந்திருப்பவர்களில் ஒரு பகுதியினர் மேடையில் உள்ள எவருக்கும் வாக்களிக்க இயலாதவர்களாக இருக்கலாம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வன்னிக்கு ஆறு ஆசனங்கள் இருந்தன. கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் தந்த ஒவ்வொரு வேட்பாளர் பட்டியலிலும் ஒன்பது பெயர்கள் இருந்தன. அனைவரையும் அமர்த்த எந்த மண்டபமும் போதாது. எல்லாப் பட்டியல்களுக்கும், சுயேச்சைக் குழுக்களுக்கும் உட்பட, எழுத்தில் அழைப்பு அனுப்பி, பட்டியலுக்கு ஒருவர் என்று கேளுங்கள். பேசும் வரிசையை எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். வராதவருக்கு வெற்று நாற்காலி போட்டு அவமதிப்பதை நான் விரும்புவதில்லை. அவர் அனுப்பிய பதிலை, அல்லது பதில் வரவில்லை என்பதை, தலைவர் ஒரு வரியில் அறிவித்தால் போதும்.

பொதுநோக்கு மண்டபத்துக்கான அனுமதியையும், ஒலிபெருக்கிக்கான பொலிஸ் அனுமதியையும் முன்கூட்டியே பெறுங்கள். வாக்களிப்புக்கு முந்திய 48 மணித்தியாலங்களில் பிரசாரம் கூடாது என்பதால் அதற்கு முன்னரே கூட்டத்தை முடித்துவிட வேண்டும். தேநீரும் வடையும் சங்கத்தின் செலவிலேயே வழங்கப்படட்டும். வேட்பாளர் செலவில் வாக்காளரை உபசரிப்பது தேர்தல் குற்றமாகும்.

நேரத்தைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போன்ற இடங்களில் இருட்டியபின் யானைக்கு அஞ்சி எவரும் காட்டுப் பாதையில் செல்ல விரும்புவதில்லை. கடைசி பஸ்ஸும் நேரத்தோடு போய்விடும். 2024 நவம்பர் 14 தேர்தலைப் போல வடகீழ்ப் பருவமழையும் காலபோக நெற்செய்கை வேலைகளும் சேர்ந்துவரும் காலமென்றால், காலையில் வயலுக்குப் போனவர் குளித்துவிட்டு வந்து சேரக்கூடியதாக மூன்று மணிக்குத் தொடங்கி, வெளிச்சம் இருக்கும்போதே முடியுங்கள். மாலை ஆறு மணிக்கு வைக்கப்படும் கூட்டத்துக்கு, வாகனத்தில் அழைத்துவரப்படும் ஆதரவாளர்கள் மட்டுமே வந்து சேர்வார்கள்.

இனிக் கேள்விகளைப் பற்றி. வன்னியில் சபை அமைதியாக இருப்பதைச் சம்மதம் என்று எண்ணிவிடக் கூடாது. யாரென்று தெரியாத ஒருவர் கைத்தொலைபேசியில் முகங்களைப் படம் பிடிக்கும்போது, காணியையோ காணாமல் ஆக்கப்பட்ட மகனையோ பற்றி எழுந்து கேட்பது எளிதன்று. நாளை அஸ்வெசும எனும் அரச நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியலிலோ வீட்டுத்திட்டத்திலோ தன் பெயர் விடுபட்டுவிடுமோ என்ற அச்சமும் ஒரு தாய்க்கு உண்டு. எனவே கேட்பவரைத் தனியாளாக நிறுத்தாதீர்கள். கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியவை முன்னரே கூடித் தங்கள் கேள்விகளைச் சங்கத்தின் பெயரால் எழுதித் தரட்டும். தனியாட்களுக்கு வாசலில் பெட்டி வையுங்கள். பெயர் எழுதத் தேவையில்லை என்று அறிவியுங்கள். மேடையைப் படம் பிடிக்கலாம், சபையைப் பிடிக்கக் கூடாது என்ற விதியைத் தொடக்கத்திலேயே தலைவர் சொல்லிவிட வேண்டும். நேரடியாகக் கேட்க விரும்புவோருக்கு ஒலிவாங்கியை முன்வரிசையில் கொடுக்காமல், பெண்கள் அமர்ந்திருக்கும் பின்வரிசையிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி குறிப்பானதாக இருந்தால் பதில் நழுவாது. “எங்கள் குளத்தைத் திருத்துவீர்களா” என்றால் எல்லோரும் ஆம் என்பார்கள். 80 ஹெக்டேயருக்குக் குறைந்த பாசனப் பரப்புடைய சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. “இந்தக் குளம் எந்தத் திணைக்களத்துக்குரியது, அங்கு நீங்கள் எதை, எப்போது கேட்பீர்கள்” என்று கேட்டால், ஆயத்தத்தோடு வந்தவர் யார் என்பது சபைக்கு உடனே தெரிந்துவிடும். வனத்துறை எல்லைக் கற்கள், இந்திய இழுவைப் படகுகள், படையினர் வசமுள்ள காணிகள் ஆகியவற்றுக்கும் இவ்வாறே கேள்விகளை அமையுங்கள். வவுனியாவிலும் மன்னாரிலும் சிங்களம் பேசுவோரும் முஸ்லிம் மக்களும் வாழ்வதால், மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருப்பதும் தொழுகை நேரத்தை மதிப்பதும் அவசியம்.

கைதட்டலைக் கட்டுப்படுத்துவது கூட்டத் தலைவரின் கடினமான வேலை. விருப்பு வாக்கு முறையில் ஒரு வாக்காளர் தாம் தெரிவுசெய்த பட்டியலில் மூவர்வரை அடையாளமிடலாம் என்பதால், ஒரே கட்சியைச் சேர்ந்தவர்களின் ஆதரவாளர்களும் தமக்குள் போட்டியிட்டுக் கைதட்டுவார்கள். ஒவ்வொரு சுற்றும் முடிந்தபின் மட்டும் கைதட்டலாம் என்று விதி வையுங்கள். கூச்சலிடுவோரை இருமுறை எச்சரித்து, மூன்றாம் முறை வெளியே அனுப்புங்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கேட்கும்போது சபை கலங்கும். அந்த வேளையில் வேட்பாளர் ஒருவர் தாமும் கண்ணீர் மல்கிப் பதில் சொல்லாமல் அமர முயன்றால், தலைவர் கேள்வியைத் திரும்ப வாசிக்க வேண்டும். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டகைகளில் போராடத் தொடங்கிய அந்தத் தாய்மார் அனுதாபச் சொற்களைப் போதுமளவு கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குப் பதில் வேண்டும்.

சனங்களின் உண்மையான கருத்து மண்டபத்தில் வெளிப்படுவதில்லை. அது மறுநாள் தேநீர்க் கடையிலும், பால் சேகரிக்கும் இடத்திலும், பஸ் தரிப்பிடத்திலும் பேசப்படும். சங்க உறுப்பினர் சிலர் அங்கே காது கொடுத்து, எந்தப் பதில் நம்பப்பட்டது, எது நம்பப்படவில்லை என்பதை, சொன்னவர் பெயரைத் தவிர்த்துக் குறித்துவைக்கலாம். வேட்பாளர்கள் தந்த வாக்குறுதிகளை, அவர்கள் சொன்ன சொற்களிலேயே, திகதியுடன் எழுதி வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். ஒரு பிரதியை அவர்களுக்கும் அனுப்பிக் கையொப்பம் கேளுங்கள். தெரிவானவரை அடுத்த சிறுபோக நெற்செய்கையின் தொடக்கத்தில் அதே மண்டபத்துக்கு அழைப்பதற்கான கடிதத்தையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.