ஈ-டைப்பா, கார்வெட்டா: ஒப்பிடும்போது எங்கே தவறுகிறோம்?

பிரிட்டனின் ஸ்போர்ட்ஸ் கார் ஜாகுவார் ஈ-டைப் 1961-இல் ஜெனீவாவில் அறிமுகமானது. அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் கார்வெட் ஸ்டிங்ரே 1963 மாடலாக வந்தது. இதில் எது வேகம் என்று கேட்டால் பலர் ஈ-டைப்புக்கு 265 குதிரைத்திறன், கார்வெட்டுக்கு 360 குதிரைத்திறன் என்று இரண்டு எண்களை எடுத்துவைத்து உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கார்களை உருவாக்கியவர்களின் உழைப்புக்கு இது நியாயமே இல்லை.

முதலில் அந்த 360-ஐப் பார்ப்போம். 1963 கார்வெட்டின் 5.4 லிட்டர் வி-8 எஞ்சின் 250, 300, 340, 360 என நான்கு ரகமாகக் கிடைத்தது. 360 என்பது ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பொருத்திய ரகம் மட்டும்தான். பின் ஆக்சிலின் பல்விகிதத்தையும், அதாவது பின்சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் பக்கமிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதையும், வாங்குபவரே தேர்ந்தெடுக்கலாம். 4.11 போட்ட கார் பாய்ந்து கிளம்பும். 3.08 போட்டது நெடுஞ்சாலையில் அலட்டாமல் ஓடும். அதனால் வெறுமனே ‘கார்வெட்’ என்றால் எந்தக் காரைச் சொல்கிறோம் என்பதே தெளிவாகாது.

அப்புறம், குதிரைத்திறனை அளந்த விதம். நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். அந்தக் காலத்தில் எஞ்சினைத் தனியாக ஸ்டாண்டில் ஏற்றி, ஃபேன், ஏர் ஃபில்டர், காரின் சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல் அளந்தார்கள். இது ‘கிராஸ்’ கணக்கு. மேலே சொன்ன இரண்டு எண்களும் இந்தக் கணக்கில் வந்தவைதான். பிறகு அமெரிக்க நிறுவனங்கள் எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் ‘நெட்’ கணக்குக்கு மாறின. கார்வெட்டின் எல்டி-1 எஞ்சினுக்கு 1971-இல் 330 என்று போட்டிருந்தார்கள், 1972-இல் 255. எஞ்சின் ஒரே வருடத்தில் சோனியாகிவிடவில்லை, கணக்குதான் மாறியது. இது தெரியாமல் பழைய காரின் 360-ஐ இன்றைய காரின் எண்ணோடு வைத்துப் பார்த்தால் முடிவு தப்பாகத்தான் வரும்.

ஈ-டைப் பக்கமும் இதே கவனம் வேண்டும். மணிக்கு 150 மைல், அதாவது சுமார் 241 கிலோமீட்டர் என்ற புகழ்பெற்ற வேகம், பத்திரிகைச் சோதனைக்கென்று தனியாகத் தயார்செய்த கார்கள் காட்டியது. ஷோரூமில் வாங்கிய கார் அவ்வளவு ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வருடமும் முக்கியம். 1968 வாக்கில் புகைக் கட்டுப்பாட்டுக்காக அமெரிக்காவுக்குப் போன ஈ-டைப்களில் மூன்று கார்புரேட்டருக்குப் பதில் இரண்டுதான் இருந்தன. பலமும் குறைந்தது.

பழைய சோதனைகளில் வரும் 0–60 மைல் நேரத்தை அப்படியே 0–100 கிலோமீட்டர் என்று எழுதிவிடாதீர்கள். 60 மைல் என்பது 97 கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை.

பிரேக்கை யாருமே கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஈ-டைப்புக்கு முதல் நாளிலிருந்தே நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். கார்வெட்டுக்கு 1964 வரை டிரம் பிரேக்தான். வேகத்திலிருந்து திரும்பத் திரும்ப அழுத்தினால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். டிஸ்க் வந்தது 1965-இல். வளைவுகள் நிறைந்த பாதையில் இந்த இரண்டையும் ஒப்பிடுவதாக இருந்தால், 1965 கார்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.