காற்றின் மணலா, ஆற்றின் மணலா: பழம் மணற்கல்லைக் களத்தில் பிரித்தறிவது எப்படி

சிவந்த மணற்கல்லைப் பார்த்தவுடன் 'பாலைவனம்' என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவதுதான் தொடக்கத்தில் அதிகம் நடக்கும் பிழை. நிறத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். மணலின் மணிகளைச் சுற்றி ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்தால் மணல் சிவக்கும். அது பாலையில் நடக்கும், ஆற்றுச் சமவெளியில் நடக்கும், மணல் புதைந்த பிறகு மண்ணுக்குள்ளேயும் நடக்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து சயான் தேசியப் பூங்காவில் நவஹோ மணற்கல் அடியில் செம்பழுப்பு, நடுவில் இளஞ்சிவப்பு, உச்சியில் வெள்ளை. மூன்றுமே ஒரே பாலைவனத்தின் மணற்குன்றுகள்தான். பிற்காலத்தில் ஊடுருவிய நீர்மங்கள் மேற்பகுதியின் இரும்பைக் கரைத்துக் கொண்டுபோனதால் அது வெளுத்தது.

அந்தச் சயான் பள்ளத்தாக்கையே இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன், தொடக்க ஜுராசிக் காலத்தில் ஆறுகள் விட்டுச்சென்ற கயென்டா படிவும், அதன்மேல் 600 மீட்டர் அளவுக்குத் தடித்த நவஹோவும் அங்கே ஒரே இடத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. கீழே சரிவும் படிக்கட்டுமாக இருப்பது கயென்டா. அதன்மேல் செங்குத்துச் சுவராக எழுவது நவஹோ. எல்லையைக் கண்டுபிடிக்க நீர்க்கசிவைத் தேடுங்கள். நவஹோவின் துளைகள் வழியாக மெல்ல இறங்கும் மழைநீர் கயென்டாவின் சேற்றுக்கல்லில் தடைபட்டுப் பக்கவாட்டில் கசிகிறது. பாறைச் சுவரில் பெரணிகள் தொங்கும் இடம் பெரும்பாலும் அந்த எல்லைதான்.

கையில் வேண்டியவை கொஞ்சமே: 10 மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ், சாய்வுமானியோடு கூடிய திசைகாட்டி, 5 மீட்டர் அளவு நாடா, மணல் அளவு அட்டை, தண்ணீர் தெளிக்கும் குப்பி, பென்சில், குறிப்பேடு. சுத்தியலும் அமிலமும் தேசியப் பூங்காவுக்குள் வேண்டாம். அங்கே பாறையை உடைப்பதும் எடுத்துச் செல்வதும் சட்டப்படி குற்றம். இந்த வேலைக்கு அவை தேவையும் இல்லை.

போவதற்கு முன் கண்ணைப் பழக்குங்கள். திருச்செந்தூர் பக்கத்துத் தேரி மணலில் ஒரு சிட்டிகை, தாமிரபரணி மணலில் ஒரு சிட்டிகை, இரண்டையும் வெள்ளைத் தாளில் வைத்து லென்ஸில் பாருங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, மணலை 2.5 செ.மீ. தொலைவுக்குக் கொண்டுவர வேண்டும். மணிகளின் அளவு எவ்வளவு ஒத்திருக்கிறது, மைக்கா தகடு மின்னுகிறதா, சிவப்புத் தோல் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். தேரி கடலோரக் குன்று. நெடுந்தூரம் உருண்டு வந்த பெரும்பாலை மணலின் உருட்சியை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் தள்ளி நின்று பாருங்கள்

பாறையிடம் போனதும் மூக்கை வைத்து லென்ஸில் பார்க்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். 20, 30 மீட்டர் தள்ளி நின்று படம் வரையுங்கள். சாய்ந்த அடுக்குகள் எங்கே தொடங்கி எந்தக் கோட்டில் வெட்டுப்பட்டு முடிகின்றன என்பதே தேடவேண்டியது. இரண்டு வெட்டுக்கோடுகளுக்கு இடையில் உள்ள சாய்ந்த அடுக்குகளின் கூட்டம் ஒரு தொகுதி. அதன் தடிப்பை அளப்பதுதான் இந்த வேலையிலேயே மிகவும் பயன்தரும் அளவு.

காரணம் இது. நகரும் மணல்மேட்டின் தலையைப் பின்னால் வரும் மேடு அரித்துவிடும். அடிப்பகுதி மட்டுமே பாறையாகத் தங்கும். ஆற்றடி மணல்மேடுகளில் சராசரித் தொகுதித் தடிப்பைப் போல் ஏறத்தாழ 3 மடங்கு மேட்டின் உயரம். அந்த உயரத்தைப் போல் 6 முதல் 10 மடங்கு நீரின் ஆழம். தொகுதி 30 செ.மீ. என்றால் மேடு 90 செ.மீ., ஆறு 5 முதல் 9 மீட்டர். நம்பத் தகுந்த ஆறு. தொகுதி 5 மீட்டர் என்றால் மேடு 15 மீட்டர், ஆறு 90 முதல் 150 மீட்டர் ஆழம் இருக்க வேண்டும். அப்படி ஓர் ஆற்றைக் கற்பனை செய்வதைவிடக் காற்று குவித்த குன்று என்பதே பொருந்தும். நவஹோவில் பல மீட்டர் தடித்த தொகுதிகள் சர்வ சாதாரணம். ஆனால் ஒரேயொரு தடித்த தொகுதியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்: ஆற்றின் பெரிய மணல்திட்டின் முகப்பும், ஏரியில் ஆறு கலக்கும் கழிமுகமும் சில மீட்டர் உயரச் சாய்வை விட்டுச்செல்லும். தடித்த தொகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மீண்டும் மீண்டும் வரவேண்டும்.

இங்கே ஒரு கண்கட்டு உண்டு. மணல் சாய்ந்த திசைக்குக் குறுக்காகப் பாறை வெட்டுப்பட்டிருந்தால் 25° சாய்வுகூடக் கிடைமட்டமாகத் தெரியும். ஆகவே ஒன்றுக்கொன்று செங்கோணமான இரண்டு முகங்களையாவது பாருங்கள். சயானில் உள்ள செக்கர்போர்டு மேசா என்ற பாறைக்குன்றில் கிடையாக ஓடும் கோடுகள் படுகைகள், அதாவது மணல் படிந்த அடுக்குகள். செங்குத்துக் கோடுகள் வெயிலிலும் குளிரிலும் மேற்பரப்பு வெடித்த ஆழமற்ற பிளவுகள். அவற்றைப் படுகையாக எண்ணி அளந்தால் எல்லாம் பாழ்.

பிறகு கிட்டப் போய்ப் பாருங்கள்

தொகுதியின் அடிக்குப் போங்கள். ஆறு என்றால் அடி அரிக்கப்பட்டிருக்கும்: கீழுள்ள சேற்றுக்கல்லைக் குடைந்த பள்ளம், அதில் கூழாங்கல், பெயர்த்தெடுத்த சேற்றுக்கட்டிகள். மேலே போகப்போக மணல் நுண்மையாகி, வண்டலாகி, வெடித்த சேற்றில் முடியும். கயென்டாவில் இந்த வரிசையைத் தேடுங்கள். டைனோசர் காலடிகளும் இந்த மெல்லிய படுகைகளில்தான் கிடைக்கின்றன. காலை, மாலைச் சாய்ந்த வெயிலில் தடங்கள் நன்கு எழும். உச்சி வெயிலில் பக்கத்திலேயே நின்றாலும் தெரியாது.

காற்று என்றால் இரண்டு வகை அடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். பாறைமேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் தெளிவாகும். ஒன்று, சில மில்லிமீட்டரே தடித்த, ஊசியால் கீறியதுபோன்ற வரிகள்: காற்றின் சிற்றலைகள் நகர்ந்த தடம். ஒவ்வொரு வரியிலும் நுண்மணல் அடியில், பருமணல் மேலே. நீர் படியவைப்பதற்கு இது பெரும்பாலும் தலைகீழ். மற்றொன்று, சில செ.மீ. தடித்த, உள்ளே வரியே இல்லாத நாக்குகள்: குன்றின் சரிமுகத்தில் மணல் பெயர்ந்து வழிந்தது. கீழே போகப்போக இவை மெலிந்து, வரிகளோடு பல்போல் பின்னிக்கொள்ளும். இந்தப் பின்னலைக் கண்டால் காற்று என்று துணிந்து எழுதலாம்; இதைவிட வலுவான சான்று களத்தில் அரிது.

சிற்றலைத் தடங்கள் கிடைத்தால் அலைநீளத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். 15க்கு மேல் என்றால் காற்று பக்கம், கீழே என்றால் நீர் பக்கம். அமுக்கமும் அரிப்பும் இந்த எண்ணை மாற்றும் என்பதால் இதைத் துணைச்சான்றாக மட்டும் கொள்ளுங்கள்.

மணிகளைக் கடைசியில் பாருங்கள் என்பது வேண்டுமென்றே சொல்வது. பாலை மணல் உருண்டு, மங்கி, அளவொத்து, மைக்கா இல்லாமல் இருக்கும். மெல்லிய தகடான மைக்காவைக் காற்று அடித்து நொறுக்கிப் புழுதியாக ஊதிவிடும். ஆற்று மணற்கல்லில் படுகைப் பரப்பெங்கும் அது மின்னும். இது நல்ல குறிதான், ஆனால் மணி தன் முந்தைய வாழ்க்கையையும் சுமந்து வருகிறது. நவஹோ மணலில் கலந்துள்ள ஜிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகளின் வயதுகள், அந்த மணலில் பெரும்பங்கு கண்டத்தின் மறுகோடியில் உள்ள அப்பலேச்சியன் மலைகளிலிருந்து ஆறுகள் வழியாக மேற்கே வந்து, பிறகு காற்றால் தெற்கே அடித்துவரப்பட்டது என்று காட்டுகின்றன. அதுபோலவே பழைய குன்றை ஓர் ஆறு அரித்தால், உருண்ட பாலை மணிகள் ஆற்றுப் படுகையில் கிடக்கும். எதிர்ப்பக்கப் பொறியும் உண்டு: வட இங்கிலாந்தின் பென்ரித் மணற்கல் பெர்மியன் காலத்துக் குன்று மணல்; மணிகள்மேல் பின்னர் குவார்ட்ஸ் படிகம் வளர்ந்ததால் வெயிலில் பளபளக்கும், லென்ஸில் கூர்கோணங்களாகத் தெரியும். அதைப் பார்த்து 'உருளாத ஆற்று மணல்' என்று ஏமாறக்கூடாது.

நவஹோவுக்குள் சில இடங்களில் சாய்ந்த அடுக்குகள் பிசைந்த மாவுபோல் மடங்கிக் கிடக்கும். குன்றின் அடியில் நிலத்தடி நீர் ஊறியிருந்தபோது மணல் நெகிழ்ந்ததன் தடம் அது. நடுவே மெல்லிய சுண்ணாம்புக்கல் வில்லைகளும் வரும்; குன்றுகளுக்கு இடையே தேங்கிய குளங்கள். நீரின் தடம் கண்டதும் 'ஆறு' என்று தாவாதீர்கள். பாலையிலும் நீர் உண்டு.

திசை அளப்பது

ஒரு படிவுக்குக் குறைந்தது 25 சாய்வடுக்குகளில் திசையும் கோணமும் எடுங்கள், வெவ்வேறு தொகுதிகளிலிருந்து. காய்ந்த மணல் 32° முதல் 34° வரை நிற்கும். பாறையில் 20° முதல் 28° வரைதான் பெரும்பாலும் கிடைக்கும், ஏனென்றால் மேற்பாகம் அரிந்துபோய் மீதி அமுங்கிவிட்டது. 35°க்கு மேல் வந்தால் பாறையே பின்னர் சாய்ந்திருக்கிறதா என்று சோதியுங்கள். சுற்றியுள்ள கிடைப்படுகைகள் 10°க்கு மேல் சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வைக் கழித்த பிறகே திசையை நம்பலாம். காந்த விலகலையும், அதாவது திசைகாட்டியின் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாட்டையும், திருத்துங்கள். யூட்டாவில் அது கிழக்கே 10°யை ஒட்டியது.

சராசரி எடுக்கும்போது எண்களை வெறுமனே கூட்டி வகுக்காதீர்கள். 350°, 10° இரண்டின் நடு வடக்கு. கூட்டி வகுத்தால் 180°, நேர் தெற்கு. ஒவ்வொரு திசையின் சைன், கொசைன் மதிப்புகளைத் தனித்தனியே கூட்டி, அவற்றிலிருந்து சராசரிக் கோணம் காணவேண்டும்.

கயென்டா அளவுகளையும் நவஹோ அளவுகளையும் தனித்தனி வட்டப்படங்களாக வரையுங்கள். ஆறுகள் பொதுவாக மேற்கும் தென்மேற்குமாக ஓடின. குன்றுகளின் சரிமுகங்கள் தெற்கும் தென்கிழக்குமாகச் சாய்கின்றன. எல்லையில் இரண்டு படிவுகளும் நாக்குநாக்காக ஒன்றுக்குள் ஒன்று நுழைவதால், அங்கே எடுத்த ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் எந்தப் படுகை என்று எழுதுங்கள். எழுதாமல் கலந்துவிட்டால் கிடைக்கும் சராசரி எந்தக் காற்றும் வீசாத, எந்த ஆறும் ஓடாத ஒரு திசையாக இருக்கும்.